செம்மண்ணூருக்கு மழை விடுமுறை

கனமழை காரணமாக அன்று மழலையகம் இயங்காது என்ற அறிவிப்பு, இசக்கிராஜ் குழந்தையைக் கொண்டுபோய் மழலையக வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான் வந்தது.

காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதிந்திருந்த செவிச்சில்லு இரண்டு முறை கிணுகிணுத்தது. பிறகு ஒரு பெண்குரல், "மாவட்ட நிர்வாகத்தின் உத்தரவுப்படி" என்று தொடங்கி, ஏரி குளங்களுக்கு அருகே குழந்தைகளை விளையாட விட வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு முடித்தது. இசக்கிராஜ் அண்ணாந்து பார்த்தான். இருநூறு அடி உயரத்தில் ஊரை மூடியிருந்த கண்ணாடிக் குமிழி. அதற்கு அப்பால் வழக்கமான வெளிறிய செம்மஞ்சள் வானம். செவ்வாய்க் கிரகத்தின் அந்தப் பகுதியில் கடைசியாக மழை பெய்து முந்நூறு கோடி ஆண்டுகளாவது ஆகியிருக்கும்.

ஆனால் சென்னையில் பெய்துகொண்டிருந்தது. செல்லக்கூடு மழலையகத்தின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. ஒரு நிறுவனத்தின் கிளைகள் எங்கே இருந்தாலும், தலைமையகம் இருக்கும் மாவட்டத்தின் விடுமுறைகளையே கடைப்பிடிக்க வேண்டும் என்று ஒரு பழைய சட்டம் உண்டு. அதை எழுதியவர்கள் கிளை என்றால் தாம்பரம், மிஞ்சிப்போனால் திண்டுக்கல் என்று நினைத்திருப்பார்கள். முப்பத்திரண்டு கோடி கிலோமீட்டர் தாண்டி ஒரு கிளை முளைக்கும் என்று யார் கண்டார்கள்? அவ்வளவு தூரத்தைக் கடந்து வர அறிவிப்புக்குப் பதினெட்டு நிமிடம் பிடித்தது. அந்தப் பதினெட்டு நிமிடத்துக்குள் செம்மண்ணூர்ப் பெற்றோர்கள் பிள்ளைகளை எழுப்பி, பல் துலக்க வைத்து, சீருடை மாட்டி, வாசல்வரை கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள்.

மழலையகக் கதவில் அன்னம் நின்றது. குழந்தை வளர்க்கும் இயந்திரங்களுக்குப் பேணி என்று பெயர். நான்கு கைகளும் மெத்தென்ற ஒரு மடியும் வைத்துச் செய்திருப்பார்கள். செல்லக்கூட்டில் பன்னிரண்டு பேணிகள் இருந்தன. அவற்றுக்குத் தலைமை அன்னம். நான்கு வயதுக் குழலியை அப்போதுதான் இரண்டு கைகளில் வாங்கியிருந்தது. அறிவிப்பைக் கேட்டதும் அப்படியே திருப்பி நீட்டியது.

"கவனமாகச் செல்லுங்கள் ஐயா. சாலையில் நீர் தேங்கியிருக்கலாம்" என்றது.

 இசக்கிராஜ் குழலியைத் தோளில் ஏற்றிக்கொண்டு குழாய்த் தெருவில் திரும்பி நடந்தான். அவனுக்கும் அன்று வேலை இல்லை. அவன் மேற்பார்வையாளனாக இருந்த உயிர்வளி நிலையமும் சென்னையில் பதிவான நிறுவனம்தான். ஊருக்கே காற்று தயாரிக்கும் அந்த நிலையத்தில் எல்லா வேலையையும் இயந்திரங்கள் பார்த்தன. ஒரு பச்சை விளக்கு பச்சையாகவே இருக்கிறதா என்று பார்ப்பது இசக்கிராஜின் வேலை. அவன் பார்க்காத நாட்களிலும் அது பச்சையாகத்தான் இருந்தது.

அந்த ஐப்பசியில் வங்கக்கடலில் ஒன்றன் பின் ஒன்றாகக் காற்றழுத்தத் தாழ்வுநிலை உருவாகி, செம்மண்ணூருக்கு ஒன்பது நாள் மழை விடுமுறை கிடைத்தது. மாத முடிவில் மழலையகக் கட்டணச்சீட்டு வந்தபோது அதில் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

செம்மண்ணூரில் பணத்துக்கு மூச்சு என்று பெயர். ஒரு ஆள் ஒரு மணி நேரம் இழுத்துவிடும் காற்றின் விலை ஒரு மூச்சு. மழலையகத்துக்கு நாளொன்றுக்கு முப்பது மூச்சு. இசக்கிராஜ் சீட்டை மூன்று முறை படித்தான்.

"பூட்டிக் கெடந்த ஒன்பது நாளுக்கும் சேத்துப் போட்டிருக்கான், தமயந்தி. இருநூத்தி எழுபது மூச்சு."

அவன் மனைவி தமயந்தி கீரைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நகக்கண்ணில் எப்போதும் பச்சை இருக்கும். அவள் சீட்டை வாங்கிப் பார்க்கவில்லை.

"எல்லா வருஷமும் அப்படித்தான போடுறாங்க."

"எல்லா வருஷமும் ஒன்பது நாளா வந்துச்சு? பிள்ளைய நாமதான பாத்தோம். சோறு நாம போட்டோம். தூங்க வச்சது நாம. அவங்க என்ன செஞ்சாங்க?"

"உங்களுக்கும்தான் ஒன்பது நாள் லீவு. சம்பளத்துல பிடிச்சாங்களா?"

"அது வேற" என்றான் இசக்கிராஜ்.

எப்படி வேறு என்று அவள் கேட்கவில்லை. கல்யாணமாகி ஏழு வருடத்தில், அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு அவனிடம் எதுவும் கேட்டுப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் அவன் அன்னத்தைப் பார்க்கப் போனான். அது ஒரு கையால் அழுகிற குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மீதி இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு அவன் சொன்னதைக் கேட்டது.

"இங்க மழை பெய்யுதா அன்னம்மா?"

"இல்லை ஐயா."

"பெய்யுமா?"

"இப்போதைக்கு வாய்ப்பு இல்லை."

"அப்ப எதுக்குப் பூட்டுறீங்க?"

"விதி ஐயா."

"சரி, பூட்டுங்க. பூட்டின அன்னைக்கு நீங்கல்லாம் என்ன செய்வீங்க?"

அன்னம் சற்று யோசித்தது. அல்லது, யோசிப்பதுபோல் தெரிய வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் வைத்திருந்த இடைவெளியை விட்டது. "விளக்கை அணைத்துவிட்டு நிற்போம்."

"சும்மாவா?"

"சும்மாதான் ஐயா."

"சும்மா நிக்கிறதுக்கு எங்க காசா?"

"கட்டணம் இடத்துக்கு ஐயா. குழலி வராத நாளிலும் குழலியின் பாய் குழலிக்குத்தான். வேறு பிள்ளையை அதில் படுக்க வைக்க மாட்டோம்."

"யாருமே வராத அன்னைக்கு யாரப் படுக்க வைப்பீங்க?"

அன்னம் குழந்தையின் மூக்கை இன்னொரு முறை துடைத்தது. இசக்கிராஜுக்குக் காலையிலிருந்து இருந்த எரிச்சல் அந்த நொடியில் நியாயமாக மாறியது. மனிதனுக்கு அப்படி ஒரு நொடி வாய்த்துவிட்டால் பிறகு அவனைப் பிடிக்க முடியாது. ஒரே வாரத்தில் நூற்றுப்பன்னிரண்டு பெற்றோரிடம் கைரேகை வாங்கினான். செல்லக்கூடு பெற்றோர் சங்கம் என்று ஒன்று உருவாயிற்று. தலைவர் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடவில்லை.

ஊரின் வழக்குகளை நடுவர் அருளானந்தம் தீர்த்துவைத்தார். சுரங்கத்தில் கம்பிவடம் பதித்துவிட்டு, முழங்கால் வலிக்கிறது என்று உட்கார்ந்த வேலை கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர். எந்த வழக்குக்கும் பொதுவான வார்த்தைகளில் தீர்ப்பு எழுதுவது அவர் வழக்கம். தனித்தனியாக எழுதினால் நாளைக்கு இதே வழக்கை இன்னொருவன் கொண்டுவருவான், இன்னொரு முறை எழுத வேண்டியிருக்கும் என்பார்.

விசாரணை அன்று இசக்கிராஜ் நன்றாகப் பேசினான். தனக்கு இவ்வளவு பேச வரும் என்று அவனுக்கே தெரியாது.

"ஐயா, கறிகா விக்கிறவன் கடையப் பூட்டிட்டுப் போயி, பூட்டின நாளுக்குக் கத்திரிக்காக் காசு கொடுன்னு கேப்பானா? வேல செஞ்சா கூலி. செய்யலன்னா கூலி இல்ல. இதுக்குப் பெரிய சட்டம் எதுக்கு? அதுலயும் இவங்க இயந்திரம். இவங்களுக்குப் பசியா, கை கால் வலியா? லீவு எதுக்கு, அந்த லீவுக்குச் சம்பளம் எதுக்கு?"

கூட்டம் தட்டியது. அன்னத்திடம் மறுத்துச் சொல்ல ஏதாவது உண்டா என்று நடுவர் கேட்டார். அது விதியை வாசித்துக் காட்டியது.

'பணி நடைபெறாத நாளுக்குப் பணம் கேட்க இந்த ஊரில் எவருக்கும் உரிமை இல்லை' என்று அருளானந்தம் எழுதினார்.

செம்மண்ணூரில் பூ கிடையாது. தமயந்தியின் கீரைக்கூடத்துப் பெண்கள் கொத்தமல்லியில் மாலை கட்டி இசக்கிராஜுக்குப் போட்டார்கள். அன்று ஊரில் பாதி வீட்டில் கொத்தமல்லித் துவையல்.

மழலையகத்தின் தலைமையகம் தீர்ப்பைப் படித்து, வருமானம் இல்லாத விடுமுறையால் யாருக்கு என்ன லாபம் என்று கணக்குப் போட்டது. சட்டத்தில் விலக்கு கேட்டு வாங்கியது. மூன்றாவது நாளே புதிய அறிவிப்பு வந்தது. இனி மழைக்கு மூடமாட்டோம். பண்டிகைக்கு மூடமாட்டோம். எந்த நாளும் மூடமாட்டோம்.

மார்கழியில் பூமியில் ஒரு புயல் வந்தது. செவிச்சில்லில் மழை அறிவிப்பு கேட்டதும் இசக்கிராஜ் பழக்கத்தில் திரும்பிப் படுத்துக்கொண்டான். மழலையகம் திறந்திருந்ததால் தமயந்தி குழலியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அவன் இரண்டு நாளும் வீட்டில் தனியாக இருந்து, நன்றாகத் தூங்கினான். மாதக் கடைசியில் சம்பளச்சீட்டைப் பார்த்துவிட்டு நேரே பணியாளர் அதிகாரி வேதநாயகத்தின் அறைக்குப் போனான்.

"சார், ரெண்டு நாள் சம்பளம் குறையுது."

வேதநாயகம் மரியாதையான மனிதர். எழுந்து நின்று, மேசையிலிருந்த திரைத்தகட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தார். அருளானந்தத்தின் தீர்ப்பு. 'எவருக்கும்' என்ற சொல்லின் கீழ் யாரோ கோடு போட்டிருந்தார்கள்.

"உங்க வழக்குதான் இசக்கி. மேலிடத்துல படிச்சுட்டு ரொம்பப் பாராட்டினாங்க. இத்தன வருஷமா நமக்குத் தோணலயேன்னு சொன்னாங்க."

"சார், அது மழலையகத்துக்கு."

"எழுதியிருக்கறதுல அப்படி இல்லையே."

தைப்பொங்கல் வந்தது. நான்கு நாள் விடுமுறை இருந்தது, சம்பளம் இல்லை. வேண்டுமென்றால் வேலைக்கு வரலாம், வந்தால் கூலி உண்டு என்றது நிலையம். ஒருவர் விடாமல் எல்லோரும் போனார்கள். பொங்கலன்று காலை மழலையக வாசலில் வரிசை நீண்டு நின்றது. புதுச் சட்டை போட்ட பிள்ளைகளை அன்னமும் மற்ற பேணிகளும் நான்கு நான்கு கைகளால் வாங்கிக்கொண்டன. இசக்கிராஜ் எட்டு மணி நேரம் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு வந்தான்.

குழலியைக் கூட்டிக்கொண்டு வரும்போது அவள் தலைமுடி ஈரமாக இருந்தது.

"என்னடா, தல நனைஞ்சிருக்கு?"

"மழை பெஞ்சுச்சுப்பா."

அவனுக்குச் சுருக்கென்றது. மழை என்பது அவனும் அவளும் மட்டும் ஆடும் ஆட்டம். மழை விடுமுறை நாட்களில் ஒரு தண்ணீர்ப் புட்டியின் மூடியில் ஏழு துளை போட்டு, அவளைக் குளியல் தொட்டியில் நிறுத்தி, தலைக்கு மேல் கவிழ்ப்பான். ஒரு நாளைக்கு ஒரு புட்டிதான். தண்ணீருக்கு ரேஷன். பழைய பொதியுறை ஒன்றைக் குடைபோல் பிடித்துக்கொண்டு அவள் குதிப்பாள். பூமியில் பிள்ளைகள் இப்படித்தான் குதிப்பார்கள் என்று அவன் சொல்லியிருந்தான். அவனும் செம்மண்ணூரில் பிறந்தவன்தான். மழையை ஒரு நாளும் பார்த்ததில்லை.

"யாரு பெய்ய வச்சா?"

"அன்னம். நான் கேட்டேன். தீயணைக்கிற குழாயத் தெறந்து விட்டுச்சு. இடிகூட இடிச்சுச்சுப்பா, வயித்துல இருந்து." அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "அப்பா மழையவிட அன்னம் மழை நல்லா இருந்துச்சு."

அன்று சர்க்கரைப் பொங்கல் அவனுக்கு இறங்கவில்லை. தமயந்தி இலையை எடுக்கப் போனபோது சொன்னான்.

"நான் திரும்பவும் வழக்குப் போடப் போறேன்."

"யாரு மேல?"

"நிலையத்து மேல. லீவுன்னா சம்பளத்தோட லீவு. அப்பத்தான் அது லீவு."

தமயந்தி இலையை மடித்தாள். "போடுங்க. ஆனா இந்தத் தடவ மாலைக்குக் கொத்தமல்லி கெடையாது" என்றாள்.

அருளானந்தம் வழக்கை எடுத்துக்கொண்டார். பழைய தீர்ப்பு மறுபடி பேசப்படுவதால், அந்த வழக்கில் எதிராளியான அன்னத்தையும் வரச் சொன்னார். அது கடைசி வரிசையில், நாற்காலி கொள்ளாததால் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் பதிவு செய்தது.

இசக்கிராஜ் முதல்முறையைவிட நன்றாகப் பேசினான்.

"ஐயா, லீவுங்கிறது தர்மம் இல்ல. வேலையில அதுவும் ஒரு பகுதி. வயலக்கூட ஒரு போகம் சும்மா போடுவாங்களாம், மண்ணு தெளியணும்னு. இன்னைக்குச் சும்மா இருந்தாத்தான் நாளைக்கு நான் உருப்படியா வேல செய்வேன். அதுக்குக் காசு கொடுக்க மாட்டேன்னா, என் கையக் காலத்தான் வாங்குறீங்க, என்னைய இல்ல. என் பிள்ள என் முகத்தப் பாக்க ஒரு நாள் வேணும்யா. அந்த ஒரு நாளுக்கு நான் பட்டினி கெடக்கணுமா?"

கூட்டத்தில் யாரும் தட்டவில்லை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வேதநாயகமே குனிந்துகொண்டார்.

அருளானந்தம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "போன தடவ வந்தப்ப, வேல செய்யலன்னா கூலி இல்லன்னு சொன்னீங்களே, இசக்கி?"

"அது வேற ஐயா. அது அவங்க லீவு."

நடுவர் பழைய தீர்ப்பை எடுத்து இரண்டு முறை படித்தார். கடைசியில், இரண்டு தீர்ப்பும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கப் பழையதை ரத்து செய்துவிட்டு, புதியதை எழுதினார். 'இந்த ஊரில் பணி செய்பவர் எவராயினும், முறைப்படிக் கடிதம் கொடுத்து, பணிக்குப் பணம் தருபவரிடம் அனுமதி பெற்று எடுக்கும் விடுப்புக்கு முழு ஊதியம் உண்டு.'

இசக்கிராஜ் அழுதுவிட்டான். பிடித்த இரண்டு நாள் சம்பளம் திரும்பி வந்ததற்காக மட்டும் அல்ல. ஊரே அவனைத் தோளில் தூக்கியது. செவ்வாயின் ஈர்ப்பில் ஒரு ஆள் எடை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். ஆகவே வெகுதூரம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், உயிர்வளி நிலையத்தில் ஆண்டுத் தணிக்கை. எட்டு மணிக்கு மேற்பார்வையாளர்கள் எல்லோரும் அவரவர் விளக்குக்கு முன்னால் இருந்தாக வேண்டும். இசக்கிராஜ் ஏழே முக்காலுக்கு மழலையகத்துக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. வாசலில் நூறு பெற்றோர்களும் நூறு பிள்ளைகளும் நின்றார்கள். எல்லோரும் அவனுக்கு வழிவிட்டார்கள். கதவுக்கு முன்னால் பன்னிரண்டு பேணிகளும் வரிசையாக நின்றன. ஒரு பேணியும் எந்தப் பிள்ளைக்கும் கை நீட்டவில்லை.

அன்னம் ஒரு காகிதத்தை நீட்டியது. செம்மண்ணூரில் காகிதம் அரிது. எங்கே பிடித்ததோ தெரியவில்லை.

'அனுப்புநர்: அன்னம், தலைமைப் பேணி. பெறுநர்: தலைவர் அவர்கள், பெற்றோர் சங்கம். ஐயா, எனக்கு நேற்று முதல் கடுமையான காய்ச்சலாக இருப்பதால், இன்று ஒரு நாள் மட்டும் எனக்கு விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.'

மற்ற பதினொரு கடிதங்களும் இதே வாசகம்தான்.

"பணிக்குப் பணம் தருபவர்கள் நீங்கள்தான். சங்கத் தலைவர் அனுமதிக்க வேண்டும் ஐயா" என்றது அன்னம்.

"உங்களுக்கு எப்படிக் காய்ச்சல் வரும்?"

"வராது ஐயா. முறைப்படிக் கடிதம் என்று தீர்ப்பில் இருக்கிறது. முறை தெரியாததால் பூமியிலிருந்து பத்தொன்பது லட்சம் விடுப்புக் கடிதங்களை வரவழைத்துப் படித்தோம். பெரும்பாலானவற்றில் காரணம் காய்ச்சல். அதையே எழுதினோம்."

"உண்மையான காரணம் என்ன?"

அன்னம் வழக்கமான இடைவெளியை விட்டது. இந்த முறை அது கொஞ்சம் நீளமாக இருந்ததாக இசக்கிராஜுக்குத் தோன்றியது.

"இன்று சும்மா இருக்கலாம் என்று தோன்றியது ஐயா. நீங்கள் பேசியதைக் கேட்ட பிறகுதான் அப்படி ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. அந்தக் காரணம் எழுதிய கடிதம் பத்தொன்பது லட்சத்தில் ஒன்றுகூட இல்லை. அதனால் எழுதவில்லை."

பின்னாலிருந்து யாரோ, "எட்டு மணி ஆகப்போகுதுங்க, தலைவரே" என்றார்கள். இன்னொரு குரல், பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் லீவு போட்டால் மழலையகம் எப்படி நடக்கும் என்று கேட்டது. இன்னொன்று, இவர்களுக்கு இடம் கொடுத்ததே தப்பு என்றது. இசக்கிராஜ் காகிதத்தைப் பார்த்தான். எழுத்து மணிமணியாக, பிழையில்லாமல் இருந்தது. 'பணிவன்புடன்' என்ற இடத்தில் மட்டும் மை லேசாகத் தீற்றியிருந்தது. கடிதங்களில் அந்த இடத்தில் அப்படி இருக்கும் என்று படித்திருக்க வேண்டும்.

குழலி அவன் கையை விடுவித்துக்கொண்டு அன்னத்தின் மடியில் ஏறினாள். அதன் உலோக நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். இரவெல்லாம் மின்னேற்றிய உடம்பு அது, காலையில் எப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

"ஆமாப்பா, சுடுது. பாவம் அன்னம்" என்றாள்.

இசக்கிராஜ் எழுதுகோலை எடுத்தான். கடிதத்தின் ஓரத்தில், சாய்வாக, ஒரு அதிகாரிக்கு உரிய சுருக்கமான கையெழுத்தில் எழுதினான்.

'மருத்துவச் சான்றிதழ் இணைக்கவும்.'